அத்தியாயம் 6: கைகுலுக்குவது கர்னல்

இந்த அத்தியாயத்தை ஒரு சோதனையோடு தொடங்குவோம். லினக்ஸில் சி மொழியில் ஒரு குட்டி சர்வர் எழுதுங்கள். சாக்கெட், பைண்ட், லிசன் ஆகிய மூன்று அழைப்புகளையும் வரிசையாகச் செய்யுங்கள். அடுத்து வரவேண்டிய அக்செப்ட்டை மட்டும் எழுதாமல், ஸ்லீப் போட்டு நிரலை ஒரு மணி நேரம் தூங்க வையுங்கள். இப்போது இன்னொரு டெர்மினலைத் திறந்து, நெட்கேட் மூலம் அதே போர்ட்டுக்கு இணையுங்கள்.

இணைப்பு கிடைத்துவிடும். ஏதாவது தட்டச்சு செய்து என்டர் அடித்தால் அதுவும் போய்ச் சேரும். பிழை என்று ஒரு வரிகூட வராது. சர்வரோ குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது.

இதைப் பார்த்து முதல் முறை எல்லோரும் திகைப்பார்கள். திகைக்கக் காரணம், சாக்கெட்டை விளக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் சொல்லும் தொலைபேசி உவமை. சாக்கெட் என்பது கருவி, பைண்ட் என்பது எண் வாங்குவது, லிசன் மணியை ஒலிக்கவிடுவது, அக்செப்ட் ரிசீவரை எடுப்பது என்று அது போகும். அழகான உவமைதான், அக்செப்ட்டில் வந்து பொய்த்துவிடுகிறது. ரிசீவரை எடுத்தால்தான் தொலைபேசியில் இணைப்பு. டிசிபியில் நீங்கள் எடுப்பதற்கு முன்பே இணைப்பு முடிந்துவிட்டது.

நம் ஊர் கிளினிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு பையன் டோக்கன் கொடுப்பான். டாக்டர் வந்தாரா, வரவில்லையா, உள்ளே டீ குடித்துக்கொண்டிருக்கிறாரா என்பதெல்லாம் அவனுக்குத் தேவையில்லை. நாற்காலி காலியாக இருக்கும்வரை டோக்கன் கொடுத்து உட்கார வைப்பான். அந்தப் பையன்தான் கர்னல். டாக்டர் உங்கள் நிரல். அடுத்த ஆளை உள்ளே கூப்பிடுவது அக்செப்ட்.

டிசிபி இணைப்பு மூன்று பாக்கெட்டுகளில் பிறக்கிறது. கிளையன்ட் 'சின்' அனுப்பும். சர்வர் பக்கம் 'சின்-ஆக்' என்று பதில் வரும். கிளையன்ட் 'ஆக்' அனுப்பி முடிக்கும். மூவழிக் கைகுலுக்கல் என்று இதற்குப் பெயர். லிசன் அழைப்பு வெற்றி பெற்ற நொடியிலிருந்து இந்த மூன்றையும் கர்னலே பார்த்துக்கொள்கிறது. முடிந்த இணைப்புகளை ஒரு வரிசையில் நிறுத்தி வைக்கிறது. அந்த வரிசையின் முதல் ஆளை எடுத்து ஒரு எண்ணாக உங்கள் கையில் கொடுப்பது மட்டும்தான் அக்செப்ட்டின் வேலை. எனவே கிளையன்ட் செய்யும் கனெக்ட் அழைப்பு வெற்றி என்றால் மறுமுனையில் ஒரு கர்னல் பதில் சொன்னது என்று பொருள். அங்கே உங்கள் நிரல் உயிரோடு வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. 'போர்ட் திறக்கிறதா' என்று மட்டும் பார்த்துவிட்டு 'சர்வர் நலம்' என்று அறிவிக்கும் கண்காணிப்பு நிரல்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இது மனதில் பதிந்துவிட்டால், கீழே வரும் பிழைகளில் பாதி தானாக விளங்கும்.

சர்வர் பக்கம்

நாம் இன்று பயன்படுத்தும் சாக்கெட் அழைப்புகள் 1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் வந்தவை. அர்பாநெட் டிசிபி/ஐபிக்கு மாறியதும் அதே ஆண்டு ஜனவரி 1 அன்று. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் அழைப்புகளின் பெயரும் வரிசையும் மாறவில்லை. அந்தக் காலத்து வடுக்களும் அப்படியே இருக்கின்றன. முகவரி அமைப்பை ஒவ்வொரு முறையும் 'சாக்அட்ர்' என்ற பொதுச் சுட்டியாக காஸ்ட் செய்யச் சொல்கிறார்களே, ஏன்? அப்போது சி மொழியில் 'வாய்டு' சுட்டி என்ற பொதுவகை தரப்படவில்லை; 1989இன் ஆன்சி தரம்தான் அதைக் கொண்டுவந்தது. அழகில்லாத அந்த காஸ்ட்டைப் பார்த்து உங்கள் மேல் தவறோ என்று பயப்பட வேண்டாம்.

சாக்கெட் அழைப்பு ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும். அது ஃபைல் டிஸ்கிரிப்டர். 0, 1, 2 ஆகியவை உள்ளீடு, வெளியீடு, பிழை வெளியீடு என்று ஏற்கெனவே எடுக்கப்பட்டவை. காலியாக உள்ளதில் சின்ன எண்ணைக் கர்னல் கொடுக்கும் என்பதால் பெரும்பாலும் 3 வரும். இந்தக் கட்டத்தில் இணைப்பு எதுவும் இல்லை, முகவரியும் இல்லை. வெறும் கைப்பிடி.

பைண்ட் அழைப்பில்தான் முகவரியும் போர்ட்டும் ஒட்டுகின்றன. என் ஒரு மதியத்தை இது விழுங்கியது. சர்வரில் 8080 என்று போர்ட்டைப் போட்டேன். தொகுத்தது, ஓடியது, எந்த அழைப்பும் பிழை தரவில்லை. கிளையன்ட் இணைந்தால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்'. ஃபயர்வாலைச் சந்தேகித்தேன், கேபிளைச் சந்தேகித்தேன், கடைசியில் என்னையே சந்தேகித்து, 'எஸ்எஸ்' கட்டளையை எல்-டி-என் என்ற விருப்பங்களோடு ஓட்டிப் பார்த்தேன். என் சர்வர் 36895ஆம் போர்ட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

கணக்கு எளிது. 8080 என்பது 31 பெருக்கல் 256, கூட்டல் 144. இரண்டு பைட்டுகள்: 31, 144. நெட்வொர்க்கில் பெரிய பைட் முதலில் போகவேண்டும் என்பது வழக்கம். நம் மேசையில் உள்ள இன்டெல், ஏஎம்டி சிப்புகள் சிறிய பைட்டை முதலில் வைப்பவை. மாற்றாமல் கொடுத்தால் 144 பெருக்கல் 256, கூட்டல் 31 என்று படிக்கப்படும், அதுதான் 36895. மாற்றித் தருவதற்கென்றே 'எச்டான்ஸ்' என்ற சிறு சார்பு இருக்கிறது. 'ஹோஸ்ட் டு நெட்வொர்க் ஷார்ட்' என்பதன் சுருக்கம். போர்ட்டை எழுதும் இடமெல்லாம் அதைப் போடுங்கள். கம்பைலர் எச்சரிக்காது, ஏனென்றால் அதன் கண்ணுக்கு இரண்டும் வெறும் பதினாறு பிட் எண்கள்.

பைண்டில் இன்னும் இரண்டு இடறல்கள் உண்டு. முகவரியாக 127.0.0.1 கொடுத்தால் அதே கணினியிலிருந்து மட்டும்தான் இணைய முடியும். எல்லா நெட்வொர்க் இடைமுகங்களிலும் கேட்கவேண்டும் என்றால் 0.0.0.0. 'என் லேப்டாப்பில் ஓடுகிறது, பக்கத்து மேசையிலிருந்து வரவில்லை' என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். அடுத்தது, 1024க்குக் கீழே உள்ள போர்ட்டுகளுக்கு லினக்ஸில் வழக்கமாகத் தனி அனுமதி தேவை. சாதாரணப் பயனருக்கு 'பர்மிஷன் டினைட்' கிடைக்கும். பழகும்போது 8080, 9000 போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிறகு எல்லோரையும் ஒருநாள் எரிச்சலூட்டப்போகும் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்'. சர்வரை நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓட்டினால் வரும். முதலில் மூடும் பக்கத்தின் இணைப்பை டிசிபி உடனே மறந்துவிடாது. தாமதமாக வரும் பாக்கெட் புது இணைப்பில் கலந்துவிடக்கூடாதே என்று 'டைம் வெயிட்' நிலையில் சிறிது காலம் வைத்திருக்கும். லினக்ஸில் அது 60 நொடி. ஒரு நிமிடம் காத்திருந்து மறுபடி ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்; போர்ட் எண்ணை 8081, 8082 என்று ஏற்றிக்கொண்டே போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேண்டாம். சாக்கெட்டுக்கும் பைண்டுக்கும் நடுவே 'செட்சாக்ஆப்ட்' அழைப்பில் 'ரியூஸ்அட்ர்' விருப்பத்தை இயக்கிவிடுங்கள். பைண்டுக்குப் பிறகு போட்டால் பயனில்லை. இதைப் போட்டால் வேறொரு நிரல் அதே போர்ட்டைப் பறித்துவிடுமோ என்ற பயம் லினக்ஸில் வேண்டியதில்லை. ஒரு சாக்கெட் அங்கே கேட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொன்று அதே முகவரியில் கேட்க இந்த விருப்பம் மட்டும் போதாது.

லிசனின் இரண்டாவது மதிப்பு, கிளினிக்கில் எத்தனை நாற்காலி என்பது. பாடப் புத்தகங்களில் 5 என்றோ 10 என்றோ இருக்கும். நீங்கள் எவ்வளவு பெரிய எண் கொடுத்தாலும் கர்னலின் 'சோமேக்ஸ்கான்' வரம்புக்கு மேல் போகாது. லினக்ஸில் நீண்ட காலம் அது 128, 5.4 பதிப்பிலிருந்து 4096. வரிசை நிறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கவனியுங்கள்: லினக்ஸ் வழக்கமாக 'இடமில்லை' என்று மறுத்துச் சொல்லாது. வந்த பாக்கெட்டைப் பேசாமல் கீழே போட்டுவிடும். கிளையன்ட் ஒரு நொடி கழித்து மறுபடி முயலும், அதுவும் விழுந்தால் மீண்டும் மீண்டும் முயலும். சில பயனர்களுக்கு மட்டும் பக்கம் திறக்க ஒரு நொடியோ சில நொடிகளோ கூடுதலாகிறது என்றால், அக்செப்ட் சுழலைச் சந்தேகியுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் சாக்கெட்டுக்கு 'எஸ்எஸ்' காட்டும் 'ரெசீவ்-க்யூ' பத்தியில் இப்போது காத்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கையும், 'சென்ட்-க்யூ' பத்தியில் வரிசையின் உச்ச அளவும் இருக்கும். தூங்கும் சர்வரோடு நான்கைந்து நெட்கேட்டுகளை இணைத்துவிட்டு அந்த எண் ஏறுவதைப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு.

அக்செப்ட் ஒரு புது டிஸ்கிரிப்டரைத் தரும். பேச்சுவார்த்தை அதில்தான்; பழைய 3ஆம் எண் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும். பேசி முடித்ததும் புதியதை க்ளோஸ் செய்யவேண்டும். மறந்தால்? ஒரு நிரல் திறந்து வைக்கக்கூடிய டிஸ்கிரிப்டர்களின் வழக்கமான வரம்பு 1024. 0 முதல் 3 வரை போய்விட்டால் மிச்சம் 1020. ஆயிரத்து இருபது வாடிக்கையாளர்கள் திருப்தியோடு போவார்கள். அடுத்தவருக்கு அக்செப்ட் 'டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்' என்று தோற்கும். சோதனையில் பத்து இணைப்பு போட்டுப் பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று அனுப்பிய நிரல் மூன்றாம் நாள் படுத்துக்கொள்வது இப்படித்தான்.

கிளையன்ட் பக்கம்

இங்கே அழைப்புகள் குறைவு: சாக்கெட், கனெக்ட். பைண்ட் தேவையில்லை. கர்னலே தற்காலிகப் போர்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் இயல்பாக 32768 முதல் 60999 வரை உள்ளதில் ஒன்று.

உண்மையான வேலை கனெக்ட்டுக்கு முன்னால், பெயரை முகவரியாக்குவதில் இருக்கிறது. பழைய பாடங்களில் 'கெட்ஹோஸ்ட்பைநேம்' என்று பார்த்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். இன்று எழுதவேண்டியது 'கெட்அட்ர்இன்ஃபோ'. ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் ஒரே அழைப்பில் பார்த்து, ஒரு சங்கிலிப் பட்டியலாகத் தரும். போர்ட்டை எழுத்தாகக் கொடுத்தால் பைட் வரிசையையும் அதுவே சரிசெய்துவிடும். என் 36895 கதை இங்கே நேராது. அதற்குக் கொடுக்கும் 'ஹின்ட்ஸ்' என்ற குறிப்பு அமைப்பை முதலில் பூஜ்யங்களால் நிரப்பி, வகை 'ஸ்ட்ரீம்' என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஒவ்வொரு முகவரியும் ஸ்ட்ரீம், டேட்டாகிராம், ரா என்று மூன்று முறை வரும். இந்தச் சார்பின் பிழை எண்கள் வழக்கமான 'எர்நோ' குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. 'பிஎரர்' போட்டால் சம்பந்தமில்லாத செய்தி வரும். அதற்கென்று 'கை-ஸ்ட்ரெரர்' தனியாக உண்டு.

பட்டியல் வந்ததும் முதல் முகவரியை மட்டும் முயன்றுவிட்டுத் தோல்வி என்று சொல்லிவிடுவது பரவலான சோம்பல். 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயரே பல கணினிகளில் முதலில் ஐபிவி6 முகவரியைத் தரும், அடுத்ததாகத்தான் 127.0.0.1. உங்கள் சர்வர் ஐபிவி4இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் முதல் முயற்சி மறுக்கப்படும். இரண்டாவதில் வேலை முடியும். ஆகவே பட்டியலைச் சுழலில் சுற்றுங்கள். ஒவ்வொரு முகவரிக்கும் புது சாக்கெட் திறந்து, கனெக்ட் தோற்றால் அதை மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தோற்ற சாக்கெட்டையே மறுபடி பயன்படுத்தாதீர்கள். அதன் நிலை என்னவென்று பாசிக்ஸ் தரம் உறுதி தரவில்லை. முடிவில் 'ஃப்ரீஅட்ர்இன்ஃபோ' போட்டுப் பட்டியலை விடுவிக்கவேண்டும்.

கனெக்ட் தோற்றால் வரும் செய்தி மருத்துவரிடம் காட்டும் நாடி போன்றது. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்பது பெரும்பாலும் நல்ல செய்தி: கணினி இருக்கிறது, பாதை இருக்கிறது, அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை, அந்தக் கர்னலே அதை உடனடியாகச் சொல்லிவிட்டது. சர்வர் ஓடுகிறதா, போர்ட் எண் சரியா, எந்த முகவரியில் பைண்ட் ஆனது என்று பாருங்கள். 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' வேறு ரகம். யாருமே பதில் சொல்லவில்லை. பாக்கெட்டை ஓசையில்லாமல் விழுங்கும் ஃபயர்வால், அணைந்து கிடக்கும் கணினி, தவறான முகவரி ஆகியவற்றில் ஒன்று. 'நோ ரூட் டு ஹோஸ்ட்' வந்தால் உங்கள் நிரலை விட்டுவிட்டு நெட்வொர்க் அமைப்பைப் பாருங்கள். இந்த மூன்றையும் 'இணைக்க முடியவில்லை' என்ற ஒரே வரியில் அடக்கி அச்சிடும் நிரலை எழுதியவர், நள்ளிரவில் அதைப் பழுது பார்ப்பவருக்குத் துரோகம் செய்கிறார்.

டைம் அவுட் ஆக எவ்வளவு நேரம்? லினக்ஸின் இயல்பு அமைப்பில் இரண்டு நிமிடத்துக்கும் சற்று மேல். 'சின்' பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் கைவிடும். திரை முன் உட்கார்ந்திருப்பவர் அவ்வளவு நேரம் பொறுக்கமாட்டார். நீங்களே காலம் குறிக்கவேண்டும் என்றால் வழி இது: சாக்கெட்டை 'நான்-பிளாக்கிங்' ஆக்கிவிட்டு கனெக்ட் அழையுங்கள். உடனே -1 திரும்பும். எர்நோவில் 'இன் பிராக்ரஸ்' இருக்கும். இது தோல்வி இல்லை, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்ற தகவல். பிறகு 'போல்' அழைப்பில், சாக்கெட் எழுதத் தயாராகும்வரை ஐந்து நொடி காத்திருங்கள். தயார் என்று வந்ததும் துள்ளிக் குதிக்கவேண்டாம்: இணைப்பு மறுக்கப்பட்டாலும் போல் திரும்பிவிடும். 'கெட்சாக்ஆப்ட்' அழைப்பில் 'எஸ்ஓ-எரர்' மதிப்பைக் கேளுங்கள். பூஜ்யம் என்றால்தான் இணைப்பு. இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, முதல் முறை எழுத முயலும்போது விழுந்து எழும் நிரல்கள் ஏராளம்.

இணைந்த பிறகு

சென்ட், ரெசீவ் பற்றி அடுத்த அத்தியாயத்தில் விரிவாக வரும். ஆனால் இணைப்பு கிடைத்த முதல் நிமிடத்திலேயே காலை வாரிவிடும் இரண்டை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

டிசிபிக்குச் செய்தி என்றால் என்னவென்று தெரியாது; அதற்குத் தெரிந்தது பைட்டுகளின் ஓடை மட்டும். ஒரு சென்ட்டுக்கு ஒரு ரெசீவ் என்று கணக்கு வைத்தால் உள்ளூரில் ஓடும், வெளியூரில் உடையும். 'வணக்கம்' என்ற சொல்லை யூடிஎஃப்-8இல் அனுப்பினால் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறியீடுகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 21. மறுமுனையில் ஒரு ரெசீவ் 10 பைட்டோடு திரும்பினால் மூன்று குறியீடுகளும் நான்காவதன் மூன்றில் ஒரு பங்கும் கையில் இருக்கும். அதை அப்படியே அச்சிட்டால் திரையில் கேள்விக்குறிதான் வரும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பிழை நெடுநாள் தெரிவதே இல்லை. செய்திக்கு முன்னால் அதன் நீளத்தை நான்கு பைட்டில் அனுப்பி, அவ்வளவும் வந்து சேரும்வரை சுழலில் படியுங்கள். ரெசீவ் பூஜ்யம் தந்தால் மறுமுனை மூடிவிட்டது என்று பொருள். அதைப் பிழை என்றும் காலிச் செய்தி என்றும் குழப்பிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தால் சிபியு நூறு சதவீதத்தில் கொதிக்கும்.

இரண்டாவது, 'சிக்பைப்'. மறுமுனை மூடிய இணைப்பில் எழுதிக்கொண்டே போனால் கர்னல் உங்கள் நிரலுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். அதன் இயல்பான விளைவு மரணம். பிழைச் செய்தி இல்லை, கோர் ஃபைல் இல்லை. ஒரு கிளையன்ட் பாதியில் ஓடிப்போனதற்காக சர்வர் முழுவதும் சாகும். சென்ட்டில் 'எம்எஸ்ஜி-நோசிக்னல்' கொடியைச் சேருங்கள். அப்போது சாவுக்குப் பதில் 'ப்ரோக்கன் பைப்' என்ற பிழை எண் கிடைக்கும், நிதானமாக மூடிக்கொள்ளலாம்.

ரஸ்டில் எழுதுபவர்கள் இதையெல்லாம் படித்துப் புன்னகைப்பார்கள். நியாயம்தான். அங்கே 'டிசிபி-லிசனர்' வகையின் பைண்ட் ஒரே அழைப்பில் சாக்கெட், ரியூஸ்அட்ர், பைண்ட், லிசன் நான்கையும் யூனிக்ஸில் செய்துவிடுகிறது. பைட் வரிசை உங்கள் கவலை இல்லை. மாறி உயிர்விடும்போது டிஸ்கிரிப்டரும் தானாக மூடிக்கொள்கிறது. சிக்பைப்பை ரஸ்ட் தொடக்கத்திலேயே புறக்கணித்துவிடுகிறது. பெயரைக் கொடுத்தால் கிடைத்த முகவரிகளை எல்லாம் வரிசையாக முயல்கிறது. ஆனால் 'கனெக்ட்-டைம்அவுட்' ஒரே ஒரு முகவரியைத்தான் ஏற்கும். அங்கே சுழல் உங்கள் பொறுப்பு. பாதிச் செய்தியோடு ரெசீவ் திரும்புவது ரஸ்டிலும் உண்டு. தூங்கும் சர்வரோடு இணைப்பு வெற்றி பெறுவதும் உண்டு, ஏனென்றால் கீழே இருப்பது அதே கர்னல். அன்றாட வேலையை ரஸ்டில் செய்யுங்கள். ஒரு முறையாவது சியில் எழுதிவிட்டுச் செய்யுங்கள் என்பது என் கட்சி.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் ஒரு வேலை. அந்தத் தூங்கும் சர்வரில் லிசன் மதிப்பை 1 என்று வைத்துத் தொகுத்து ஓட்டுங்கள். நெட்கேட்டுகளை ஒவ்வொன்றாக இணையுங்கள். எத்தனையாவது நெட்கேட் தொங்கி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விடை 2 என்று எதிர்பார்ப்பீர்கள். லினக்ஸ் தரும் விடை வேறு.